சாம்பல் பூக்கிறது, வழிகிறது, திரள்கிறது: மேக்கப் கெட்டால் எங்கே பார்ப்பது?

மதுரைப் பக்கம் கல்யாணங்களுக்கு மேக்கப் போடுகிறேன். விடியற்காலை நான்கரைக்கு முகூர்த்தம் என்றால் இரண்டு மணிக்கே பெண்ணின் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். அவள் எழுந்து போனதும் தங்கை, சித்தி, மதினி என்று நாலைந்து பேர் வருவார்கள். தாங்களே போட்டுக்கொண்ட மேக்கப் ஏதோ ஒரு விதத்தில் கெட்டிருக்கும். "அக்கா, இதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். வருஷக்கணக்காகப் பார்த்ததில், திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுக் கோளாறுகள்தான். அவற்றை இங்கே தனித்தனியாக எழுதியிருக்கிறேன். உங்கள் முகத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவாகாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில் என்று அடுக்கியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். பாதிப் பேருக்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே வராது.

பார்க்கத் தொடங்கும் முன் மூன்று வேண்டும்: ஜன்னலோரப் பகல் வெளிச்சம், வாசனை இல்லாத சாதா டிஷ்யூ, ஃப்ளாஷ் உள்ள ஒரு போன். டியூப்லைட்டுக்குக் கீழேயோ மஞ்சள் பல்புக்கு முன்னாலோ நின்று நிறத்தை முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, கெட்டதன் மேல் இன்னொரு பூச்சு போடாதீர்கள். நான் சரிசெய்யும் முகங்களில் பெரும்பாலும் எதையும் சேர்ப்பதில்லை, எடுக்கத்தான் செய்கிறேன்.

## முகம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான். ஜன்னலோரம் நின்று முகத்தையும் கழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். எப்போது சாம்பலானது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### பூசி முடித்த உடனேயே என்றால்

முதலில் பவுடரைச் சந்தேகியுங்கள். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, சொட்டுக்கூட விழாத அளவுக்குப் பிழிந்து, கன்னத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. அந்த இடம் மட்டும் தோல் நிறத்துக்குத் திரும்பினால் பவுடர்தான் அதிகம். முகம் முழுக்க அதேபோல் ஒற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வீட்டில் இருக்கும் வெள்ளை டால்கம் பவுடரை ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் பூசும் தோல் நிறப் பூச்சு) மேல் போடுவது நம் ஊரில் பெரிய பழக்கம். மாநிறத்திலும் கறுப்பிலும் அது சாம்பலாகத்தான் நிற்கும்.

கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் மட்டும் சாம்பலா? அப்படியானால் கருமையின் மேல் நேராக வெளிர் கன்சீலரை (கருமையை மறைக்கும் கெட்டிப் பூச்சு) போட்டிருப்பீர்கள். கருமைக்கு மேல் வெளுப்பு வந்தால் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். முதலில் ஆரஞ்சு சாயல் உள்ள கரெக்டரை மிக மெல்லிசாகக் கருமை இருக்கும் இடத்தில் மட்டும் ஒற்றி, அதன் மேல் உங்கள் நிறக் கன்சீலரைப் போடுங்கள். நிறம் வெளிர் என்றால் பீச், மாநிறத்துக்கு ஆரஞ்சு, நல்ல கறுப்பு என்றால் சிவப்பு கலந்த ஆரஞ்சு. கரெக்டருக்குப் பதிலாக ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைக் கண்ணுக்குக் கீழே வைப்பவர்கள் உண்டு. உதட்டுக்கென்று செய்ததைக் கண்ணோரம் கொண்டுபோக எனக்கு மனம் வராது. நான் வைப்பதில்லை.

பவுடரும் இல்லை, கன்சீலரும் இல்லை என்றால் ஷேடு தப்பு. கடைக்காரர் புறங்கையில் தேய்த்துக் காட்டியதை நம்பி வாங்கியிருப்பீர்கள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை எலும்பின் மேல், பாதி கன்னத்திலும் பாதி கழுத்திலும் இருக்கும்படி மூன்று ஷேடுகளைக் கோடாகத் தீற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. இளஞ்சிவப்புச் சாயல் உள்ள ஷேடு நம்மில் பலருக்குச் சாம்பலாகத் தெரியும். மஞ்சள் சாயலோ தங்கச் சாயலோ உள்ளதை முதலில் முயன்று பாருங்கள். வாங்கிய பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டாம். அடர்த்தியான ஷேடில் ஒரு சின்ன பாட்டில் வாங்கி, புறங்கையில் இரண்டையும் கலந்து போடலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "இன்னும் கொஞ்சம் வெளுப்பா போட்டு விடும்மா, போட்டோவுல நல்லா இருக்கணும்" என்று பெண்ணின் பெரியம்மாவோ அத்தையோ பக்கத்தில் நின்று சொல்லாத கல்யாணம் குறைவு. சொல்பவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு ஷேடு ஏற்றிப் போட்ட முகம் மண்டபத்து விளக்கில் தனியாகவும் கழுத்து தனியாகவும் மருதாணிக் கை தனியாகவும் தெரியும். மாநிறப் பெண்ணுக்கு அவள் நிறத்திலேயே போட்டுக் கன்னத்தில் நல்ல செங்கல் நிற பிளஷ் கொடுத்தால் பட்டுப்புடவைக்கு முன்னால் முகம் எப்படி எழுந்து நிற்கும் தெரியுமா? அதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு எந்தப் பெரியம்மாவும் என்னிடம் மறுபடி வெளுப்பு கேட்டதில்லை. வாயால் விளக்குவதைவிட, பாதி முகத்தை அவள் நிறத்தில் போட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

### முதலில் சரி, அரை மணி கழித்துக் கறுத்தால்

ஃபவுண்டேஷன் காற்றும் தோலின் எண்ணெயும் பட்டு நிறம் மாறியிருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது: தாடையில் ஒரு கோடு தீற்றிவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். பிறகு அதன் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் வேறு நிறமாக இருந்தால் அதுதான் சங்கதி.

மாய்ஸ்சரைசர் உலராமலே மேலே பூசினீர்களா என்று முதலில் பாருங்கள். பத்து நிமிடம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றிவிட்டுப் பூசினாலே பலருக்குக் குறைந்துவிடும். அடுத்து பாட்டிலின் வயது. அட்டையில் மூடி திறந்த டப்பா படம் போட்டு அதற்குள் 12 எம் என்று இருக்கும். திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதிப் பாட்டிலில் ஒட்டி வையுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் கறுக்கிறதென்றால் அந்தச் சரக்கின் குணமே அதுதான். அரை ஷேடு வெளிறியதாக மாற்ற வேண்டும், அல்லது வேறு சரக்கு. எனவே கடையில் சாம்பிள் தீற்றிக்கொண்டால் உடனே பில் போடாதீர்கள். வெளியே ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்த்து வாங்குங்கள்.

### சாம்பல் இல்லை, மஞ்சளாக அடிக்கிறது என்றால்

முந்தின நாள் நலங்கு வைத்திருப்பார்கள். சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் மஞ்சள் தங்கும், ஏனென்றால் அந்த நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, பிறகு ஃபேஸ் வாஷ் போடுங்கள். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் போய்விடும். நலங்கை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது நம் சந்தோஷம். முகத்துக்குப் பொட்டளவு, கை காலுக்கு வேண்டிய அளவு என்று வைக்கச் சொல்லுங்கள்.

## நேரில் நன்றாக இருக்கிறது, போட்டோவில் வெள்ளை வெளேர்

போனில் ஃப்ளாஷ் போட்டு இருட்டறையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையை வீட்டிலேயே, கிளம்பும் முன் செய்ய வேண்டும். மண்டபத்தில் போட்டோகிராபர் சொல்லித் தெரிந்துகொண்டால் நேரம் போயிருக்கும்.

### கண்ணுக்குக் கீழும் மூக்கிலும் மட்டும் வெள்ளை என்றால்

நிறமில்லாத எச்டி பவுடர். அதில் இருக்கும் சிலிக்கா ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பெரிய பிரஷ்ஷால் தட்டி உதறிவிட்டு, உங்கள் நிறக் காம்பேக்டை (அழுத்திய பவுடர்) அதன் மேல் லேசாக ஒற்றுங்கள். அடுத்த முறை பவுடர் அளவைக் கால்வாசியாகக் குறையுங்கள்.

### முகம் முழுக்க வெள்ளை, கழுத்து மட்டும் கறுப்பு என்றால்

சன்ஸ்கிரீன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டைட்டானியம் டை ஆக்சைடோ ஜிங்க் ஆக்சைடோ உள்ளது ஃப்ளாஷில் வெளுக்கும். எஸ்பிஎஃப் உள்ள ஃபவுண்டேஷனிலும் இது உண்டு. பகல் வேளைக்கு அது நல்லதுதான், நிறுத்தாதீர்கள். இரவு ரிசப்ஷனுக்கு வெயிலே இல்லை, எனவே அன்றைக்கு மட்டும் விட்டுவிடலாம். விட முடியாத பகல் கல்யாணத்தில் காதையும் கழுத்தையும் அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வித்தியாசமாவது தெரியாது.

## பூசப் பூசத் திரண்டு உருண்டு வருகிறது

அழிரப்பர் தூள் மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளாக வருகிறதா, அல்லது செதில் செதிலாக உரிகிறதா? இரண்டும் வேறு வேறு.

### உருண்டையாக வந்தால்

அவசரம்தான் முதல் காரணம். சன்ஸ்கிரீன், பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன் போடும் அடிப்பூச்சு), ஃபவுண்டேஷன் மூன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தேய்த்தால் உருளத்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடமாவது விடுங்கள். விரலால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஈர ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள்.

நேரம் கொடுத்தும் உருண்டால் பிரைமரும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகவில்லை. சோதனை: புறங்கையில் இரண்டையும் ஒரு சொட்டு வைத்து விரலால் கலக்குங்கள். பால் திரிந்தாற்போல் பிரிந்தால் சேராது. அட்டையில் முதல் இரண்டு மூன்று பொருட்களைப் படியுங்கள். ஒன்றில் டைமெத்திகோன் போன்ற சிலிக்கான் முன்னால் இருந்து, மற்றொன்று தண்ணீர் மட்டுமே அடிப்படையாக உள்ளது என்றால் பல நேரம் இந்தச் சண்டை வரும். பிரைமரை அன்றைக்கு விட்டுவிடுங்கள். அது கட்டாயம் இல்லை. மாய்ஸ்சரைசர் ஒழுங்காகப் போட்ட தோலில் பிரைமர் இல்லாமலே எத்தனையோ முகூர்த்தங்களை முடித்திருக்கிறேன்.

### மூக்கோரம், வாயோரம் செதிலாக உரிந்தால்

தோல் காய்ந்திருக்கிறது. மேக்கப்பைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மாய்ஸ்சரைசரைக் கனமாக வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றிவிட்டு அங்கே மட்டும் மிக மெல்லிசாகப் போடுங்கள். பவுடர் வேண்டாம். அன்றைக்கு ஸ்க்ரப் போட்டு உரித்தெடுக்க நினைக்காதீர்கள், சிவந்துபோகும்.

முந்தின நாள் ஃபேஷியல், பிளீச் செய்தீர்களா? ஒரு முறை, கல்யாணத்துக்கு முந்தின மாலை பிளீச் போட்டுக்கொண்ட பெண் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கன்னம் இரண்டும் சூடு பட்டாற்போல் சிவந்திருந்தன. ஃபவுண்டேஷன் தொட்டாலே எரிகிறது என்று கண் கலங்கினாள். குளிர்ந்த ஈரத் துணி, கற்றாழை ஜெல், முக்கால் மணி நேரம் காத்திருப்பு. அன்றைக்கு அவள் முகத்தில் போட்டது கண் மையும் லிப்ஸ்டிக்கும் பொட்டும் மட்டும்தான். போட்டோவில் அவள் அழகாகவே இருக்கிறாள், ஆனால் அந்த முக்கால் மணி நேரம் அவள் பட்ட பயம் படத்தில் இல்லை. ஃபேஷியல் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இதுவரை செய்யாத புதிய ஃபேஷியல் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே செய்து பாருங்கள்.

பருவுக்காக அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற கிரீம் இரவில் போடுபவர்களுக்கும் இப்படி உரியும். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். கல்யாணத் தேதியைச் சொல்லி, எத்தனை நாள் முன்பு நிறுத்தலாம் என்று எழுதிக்கொடுத்த தோல் மருத்துவரிடமே கேளுங்கள்.

## ஒரு மணி நேரத்தில் வழிகிறது

டிஷ்யூவை நெற்றியில் ஒற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஈரமாகி, சிறிது நேரத்தில் காய்ந்துவிட்டால் வியர்வை. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் கறை காயாமல் நின்றால் எண்ணெய்.

### வியர்வை என்றால்

துடைக்காதீர்கள், ஒற்றுங்கள். மேக்கப்புக்கு முன் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு நிமிடம் ஒற்றினால் கொஞ்ச நேரத்துக்கு அடங்கும். அதைவிட முக்கியம் போடும் இடம். மின்விசிறி கூட இல்லாத அறையில், பட்டுப்புடவை கட்டி, நகையெல்லாம் பூட்டிய பிறகு முகத்தில் கை வைத்தால் எந்தச் சரக்கும் நிற்காது. சித்திரை, வைகாசிக் கல்யாணம் என்றால் மேக்கப்பை முதலில் முடித்துவிட்டுப் புடவைக்குப் போங்கள். ஃபவுண்டேஷனை ஒரே கனமான பூச்சாக இல்லாமல், மெல்லிசாக ஒன்று, அது இறுகியதும் வேண்டிய இடத்தில் மட்டும் இன்னொன்று. இடையில் மேக்கப்பைப் பிடித்து நிறுத்தும் செட்டிங் ஸ்ப்ரே.

### எண்ணெய் என்றால்

முடியைப் பாருங்கள்! சடை பின்னும் முன் வைத்த தேங்காய் எண்ணெய் சூட்டில் இளகி நெற்றி ஓரத்தில் இறங்கும். என் கணக்கில் நெற்றி மேக்கப் கலைவதற்கு முதல் காரணம் இதுதான், முகத்தின் எண்ணெய் இல்லை. விசேஷத்துக்கு முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள்.

முடி சுத்தமாக இருந்தும் மூக்கும் நெற்றியும் மின்னினால் எண்ணெயை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர், இல்லையென்றால் டிஷ்யூவைப் பிரித்து ஒற்றை ஏடாக்கி ஒற்றிவிட்டு, பிறகே காம்பேக்ட். எண்ணெயின் மேல் பவுடரைப் போட்டால் மாவு குழைத்தாற்போல் திட்டாகிவிடும். மூக்கு நெற்றிக்கு மட்டும் மேட் பிரைமர் வாங்குவது அடுத்த படி. எண்ணெய்த் தோல் என்று மாய்ஸ்சரைசரையே விட்டுவிடுபவர்களும் உண்டு. விடாதீர்கள், ஜெல் வகைக்கு மாறுங்கள்.

## கண்ணுக்குக் கீழே கோடு கோடாகப் பிளக்கிறது

கன்சீலர் அதிகம். வேறு காரணத்தைத் தேடும் முன் சுத்தமான விரலால் கோடுகளின் மேல் மெதுவாக ஒற்றிச் சமப்படுத்துங்கள், மேலே நோக்கியபடி மிகக் குறைவான பவுடரை வையுங்கள். அடுத்த முறை கண் முழுக்க முக்கோணமாகப் பூசாமல், மூக்கோரக் கண் முனையில் ஒரு பொட்டு, வெளி முனையில் ஒரு பொட்டு மட்டும். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சிரித்தால் கோடு விழும், எந்த விலையுள்ள கன்சீலரும் அதை முழுதாக மறைக்காது. சிரிக்கத்தானே கல்யாணத்துக்குப் போகிறோம்.

கண்ணுக்குக் கீழ்க் கருமையோடு வீக்கமும் எப்போதும் இருந்தால், அல்லது சோர்வும் முடி உதிர்தலும் கூடவே இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் மேக்கப் மறைக்கும், தீர்க்காது.

## கண் மை இறங்கிக் கண்ணே கலங்கலாகத் தெரிகிறது

### கீழ் இமைக்கு அடியில் மட்டும் இறங்கினால்

அங்கே கிரீமோ கன்சீலரோ ஈரமாக இருந்திருக்கும். காதுக் குச்சியில் துளி மேக்கப் ரிமூவர் தொட்டுத் துடைத்து, பவுடர் வைத்து, அதன் பிறகு மை. பென்சில் காஜல் போட்டதும் அதே நிறக் கறுப்பு ஐ ஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் அதன் மேல் அழுத்தினால் பல மணி நேரம் அசையாது.

### கண்ணில் நீர் வந்து இறங்கினால்

ஓமப் புகை. மணவறையில் உட்காரப்போகிறவர்களுக்குக் கண்ணின் உள் விளிம்பில் காஜல் வேண்டாம், இமை ரோமத்துக்கு வெளியே மட்டும் போடுங்கள். மேல் கீழ் இரண்டுக்கும் வாட்டர்ப்ரூஃப். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மேக்கப்புக்கு முன்பே லென்ஸைப் போட்டுவிட்டு, கழற்றிய பிறகே மேக்கப்பைத் துடைக்க வேண்டும்.

மஸ்காராவைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று? ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம். காய்ந்துவிட்டதென்று தண்ணீரோ எச்சிலோ விட்டு இளக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் கிருமி வளரும். வேறொருவரின் காஜலை வாங்கிப் போடுவதும் அப்படித்தான், சொந்தத் தங்கையுடையதாக இருந்தாலும். வெளியூரிலிருந்து வரும் பெயர் தெரியாத சுர்மாப் பொடியைக் கண்ணில் வைக்கவே வைக்காதீர்கள். ஈயம் கலந்த சுர்மா உண்டு. குழந்தைக் கண்ணுக்கு எதுவுமே வேண்டாம்.

### ஒட்டிய செயற்கை இமை ரோமம் பெயர்ந்து வந்தால்

க்ளூ தடவியவுடன் ஒட்டியிருப்பீர்கள். அரை நிமிடம் ஆறவிட்டுப் பிசுக்கு வந்ததும் ஒட்டுங்கள். அந்தச் செயற்கை இமையை முன்பே கண்ணின் நீளத்துக்கு அளந்து வெளி முனையில் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டாத இமையின் உள் முனைதான் முதலில் தூக்கும்.

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், சீழ் வந்தால், பார்வை மங்கினால் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். ரிசப்ஷன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

## லிப்ஸ்டிக் ஓரம் கசிகிறது, அல்லது திட்டாக நிற்கிறது

கசிந்தால் லிப் பாம் அதிகம். துடைத்துவிட்டு லைனரால் ஓரம் கட்டி, லிப்ஸ்டிக் போட்டு, டிஷ்யூவைக் கடித்து எடுத்து இன்னொரு பூச்சு. திட்டாக நின்றால் உதடு காய்ந்திருக்கிறது, முந்தின இரவே நெய்யோ வாசலினோ தடவிப் படுங்கள். உதட்டின் இயல்பான கருமையால் நிறம் மாறித் தெரிகிறது என்றால் வெளிர் நிறங்களை விட்டு மெரூன், செங்கல், அடர் ரோஸ் பக்கம் வாருங்கள். பந்தியில் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் எந்த லிப்ஸ்டிக்கும் போகும், அதற்குப் பையில் ஒன்றை வைத்துக்கொள்வதுதான் வழி.

## எரிகிறது, அரிக்கிறது, நிறம் மாறுகிறது

இங்கே மேக்கப்காரியிடம் வருவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகும் எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

### பூசிய சில நிமிடங்களில் எரிந்தால்

உடனே கழுவுங்கள், பிறகு யோசிக்கலாம். எரிச்சல் அடங்கிவிட்டால் எந்தப் பொருள் என்று பார்க்க, ஒவ்வொன்றாக முழங்கை உள்மடிப்பில் தடவி இரண்டு நாள் விடுங்கள். உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு வாங்கினால் சோதனை எல்லாம் கிடையாது, நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

### பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெள்ளையோ வந்தால்

இதைப் பெரியவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். பல வருஷம் ஒட்டுப்பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக நிறம் வெளுத்துவிடும். அதன் பசையில் கலக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் போன்ற ரசாயனம் நிறம் தரும் செல்களைக் கெடுப்பதுதான் காரணம். முதல் அரிப்பிலேயே ஒட்டுப்பொட்டை நிறுத்திவிடுங்கள். வெளுத்த பிறகு அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டாக ஒட்டுகிறார்கள், அது பரவத்தான் செய்யும். என் பெரியம்மாவுக்கு நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நிறுத்தினோம். மலிவான சாயக் குங்குமமும் அரிப்பும் கருமையும் கொண்டுவரும். வெளுப்பு பரவுவதற்குள் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

### வெளுப்பு கிரீமை நிறுத்தினால் முகம் சிவந்து பருவாக வந்தால்

அந்த கிரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம். ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் இருக்கிறதா என்று படியுங்கள். இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு பட்டியல் போட்டது. இருந்தும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று வாங்கி வருஷக்கணக்கில் தடவுகிறார்கள். தோல் மெலிந்து, சின்ன இரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயிலில் நின்றாலே எரியும் முகங்களைப் பார்க்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. இந்த முகத்துக்கு மேக்கப் போட்டுத் தேற்ற முடியாது. திடீரென நிறுத்தினால் மோசமாகும், எனவே ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

அட்டையில் தயாரிப்பாளர் பெயரே இல்லாமல் வரும் வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கும் ஆபத்து உண்டு. கேரளத்தின் மலப்புரம் பக்கம் 2023இல் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்கள் சிலர் இப்படிப்பட்ட கிரீமைப் பயன்படுத்தியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இப்படிப் பெயரில்லாத கிரீம் தடவுபவருக்குக் கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ கிரீமை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிறம் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

## மறுநாளோ மறுவாரமோ பரு கிளம்புகிறது

கழுவாமல் தூங்கினீர்களா? கல்யாண அலுப்பில் எல்லோரும் செய்வதுதான். தேங்காய் எண்ணெயோ கிளென்சிங் பாமோ போட்டு மேக்கப்பை இளக்கித் துடைத்து, பிறகு ஃபேஸ் வாஷ். பரு வரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும், அவர்கள் மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் மைசெல்லார் வாட்டர் பயன்படுத்தலாம். ஈர டிஷ்யூவால் மட்டும் துடைத்துவிட்டுப் படுப்பது போதாது.

கழுவித்தான் படுத்தேன் என்றால் பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் பாருங்கள். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும், பிரஷ்ஷை வாரம் ஒரு முறையும் ஷாம்பு போட்டு அலசி, பிரஷ்ஷின் முடி கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் காயப் போடுங்கள். உள்ளே கறுப்புப் புள்ளி விழுந்த ஸ்பாஞ்சு பூஞ்சை பிடித்தது, குப்பைக்குத்தான்.

மேக்கப் போட வருபவர் ஒரே லிப்ஸ்டிக்கை எல்லோர் உதட்டிலும் நேராகத் தேய்க்கிறாரா, தட்டில் சுரண்டி எடுத்துத் தனி பிரஷ்ஷால் போடுகிறாரா என்று ட்ரையல் (முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பது) அன்றே கவனியுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். என்னிடம் கேட்டால் பெட்டியைத் திறந்தே காட்டுவேன். ட்ரையலைக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னதாக, பகலில் வைத்து, போட்ட மேக்கப்போடு ஆறு மணி நேரம் வீட்டு வேலை பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் வழிந்தது அன்றைக்கும் வழியும், அதில் அரித்தது அன்றைக்கும் அரிக்கும். மாற்றிக்கொள்ள மூன்று வாரம் கையில் இருக்கும். ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தியும் பரு அடங்கவில்லை, அல்லது தழும்பு விழுகிறது என்றால் தோல் மருத்துவர்தான். போகும் நாளில் முகத்தில் காம்பேக்ட் கூடப் போடாமல் போங்கள், அவர் பார்க்க வேண்டியது தோலை.